முதல் பந்தை வீசிய முகமது நிசார்: எல்லைக்கோடு பிரித்த வேகம்

புது தில்லி: இந்தியக் கிரிக்கெட்டின் வேகப்பந்து வீச்சைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 1978-ஆம் ஆண்டிலிருந்தே கணக்கைத் தொடங்குகின்றனர். அந்த ஆண்டு அக்டோபரில் பாகிஸ்தானின் பைசலாபாத் நகரில் கபில்தேவ் தமது முதல் டெஸ்ட் ஆட்டத்தில் களமிறங்கினார். அதற்கு முன்பு இந்தியாவிடம் இருந்தது சுழற்பந்து மட்டுமே என்றும், வேகம் என்பது பிற நாட்டினர் நம் மீது ஏவிய ஆயுதம் என்றும் ஒரு தலைமுறையே நம்பி வளர்ந்தது.

ஆனால், ஆவணங்கள் வேறு கதை சொல்கின்றன. இந்தியா ஆடிய முதல் டெஸ்ட் ஆட்டத்தின் முதல் பந்தை வீசியவர் ஒரு வேகப்பந்து வீச்சாளர். இந்தியாவுக்காக முதல் டெஸ்ட் விக்கெட்டைச் சாய்த்தவரும் அவரே. ஒரே இன்னிங்ஸில் ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்திய முதல் இந்தியரும் அவரே. அவர் பெயர் முகமது நிசார். பஞ்சாபின் ஹோஷியார்பூரில் 1910 ஆகஸ்ட் 1-ஆம் தேதி பிறந்து, லாகூரில் 1963 மார்ச் 11-ஆம் தேதி மறைந்தவர்.

பிறந்த ஊர் இன்று இந்தியாவில் இருக்கிறது; மறைந்த ஊர் பாகிஸ்தானில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே இழுக்கப்பட்ட கோடுதான், இவ்வளவு பெரிய வீரர் இரு நாடுகளின் நினைவிலிருந்தும் நழுவியதற்கு முக்கியக் காரணம்.

லார்ட்ஸில் அரை மணி நேரம்

1932 ஜூன் 25. லண்டன் லார்ட்ஸ் மைதானம். டெஸ்ட் ஆடும் தகுதியைப் பெற்று இந்திய அணி முதன்முறையாகக் களத்தில் இறங்கிய நாள். அணியின் தலைவராக அறிவிக்கப்பட்டிருந்த போர்பந்தர் மகாராஜா தாமாகவே விலகிக்கொண்டார். துணைத் தலைவர் லிம்ப்டி காயமடைந்திருந்தார். எனவே தலைமைப் பொறுப்பு சி.கே. நாயுடுவிடம் வந்தது. எதிரணிக்குத் தலைவர் டக்ளஸ் ஜார்டின்.

இங்கிலாந்து முதலில் மட்டை பிடித்தது. தொடக்க வீரர்களாக வந்தவர்கள் ஹெர்பர்ட் சட்கிளிஃபும் பெர்சி ஹோம்ஸும். யார்க்ஷயர் அணிக்காக எஸ்ஸெக்ஸுக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 555 ரன்கள் குவித்து, உலக சாதனை படைத்து பத்து நாள்கூட நிறைவடையாத நிலையில் லார்ட்ஸில் இறங்கியது அந்த இணை. அவர்களைப் பிரிக்க இந்தியர்களுக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்பதே அன்று காலை இங்கிலாந்து ரசிகர்களின் கேள்வியாக இருந்திருக்கும்.

நிசார் பதில் சொல்லத் தாமதிக்கவில்லை. தமது தொடக்க ஓவர்களிலேயே சட்கிளிஃபின் ஸ்டம்பைப் பெயர்த்தார். அடுத்து ஹோம்ஸின் ஸ்டம்பும் சாய்ந்தது. சட்கிளிஃப் எடுத்தது 3 ரன்கள், ஹோம்ஸ் 6. பின்னர், அனுபவம் மிக்க ஃபிராங்க் வூலியை லால் சிங் ரன் அவுட் செய்தார். ஆட்டம் தொடங்கி அரை மணி நேரம் ஆவதற்குள் இங்கிலாந்தின் நிலை 3 விக்கெட் இழப்புக்கு 19 ரன்கள்.

ஜார்டினும் விக்கெட் கீப்பர் லெஸ் ஏம்ஸும் போராடி அணியை மீட்டனர். இங்கிலாந்து 259 ரன்களுக்கு ஆட்டமிழந்தது. நிசார் 93 ரன்கள் கொடுத்து 5 விக்கெட்டுகள் எடுத்திருந்தார். இறுதியில் இந்தியா 158 ரன் வித்தியாசத்தில் தோற்றது. ஆனால், தோல்விக்குக் காரணம் பந்து வீச்சு அல்ல. 189, 187 என்று முடிந்த இரு மட்டை வீச்சு இன்னிங்ஸ்கள்தான். கையில் காயத்துடன் ஆடிய நாயுடு முதல் இன்னிங்ஸில் எடுத்த 40 ரன்களே அந்த இன்னிங்ஸில் ஓர் இந்தியரின் அதிகபட்சம்.

நிசார் ஆறடிக்கு மேற்பட்ட உயரமும் அகன்ற தோள்களும் கொண்டவர். புதிய பந்தில், வலக்கை மட்டையாளரை நோக்கி உள்ளே பாய்ந்து வரும் பந்துதான் அவரது முக்கிய ஆயுதம். முதல் சில ஓவர்களில் அவர் காட்டிய வேகம், அதே ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் 'பாடிலைன்' பந்து வீச்சால் உலகையே உலுக்கிய ஹெரால்டு லார்வுட்டின் வேகத்தையும் மிஞ்சியது என்று கருதியவர் நாயுடு. உடன் ஆடிய தலைவரின் கணிப்பு என்பதால் அதில் பாசம் கலந்திருக்கலாம். ஆனால், எண்கள் அந்தக் கணிப்புக்கு முரணாக இல்லை. அந்தச் சுற்றுப்பயணத்தின் முதல்தர ஆட்டங்களில் நிசார் எடுத்த விக்கெட்டுகள் 71.

ஒரு முனையில் நிசார், மறுமுனையில் அமர்சிங்

நிசாரைப் பற்றிப் பேசும்போது அமர்சிங்கை விட்டுவிட முடியாது. ராஜ்கோட்டில் பிறந்த அமர்சிங், நிசாருக்குச் சில மாதங்கள் இளையவர். ஓட்டம் குறைவு, வேகமும் நிசாரைவிடச் சற்றுக் குறைவு. ஆனால், தரையில் பட்ட பின் பந்து எழும்பும் வேகத்தை மட்டையாளர்களால் கணிக்க முடியவில்லை. 1932 சுற்றுப்பயணத்தில் அவர் 111 விக்கெட்டுகளை வீழ்த்தினார். லார்ட்ஸ் ஆட்டத்தின் இரண்டாவது இன்னிங்ஸில் அவர் எடுத்த 51 ரன்களே டெஸ்ட் அரங்கில் ஓர் இந்தியரின் முதல் அரைசதம்.

1932 முதல் 1936 வரை இந்தியா ஆடிய டெஸ்ட் ஆட்டங்கள் ஏழு. அமர்சிங் ஏழிலும் ஆடி 28 விக்கெட்டுகள் எடுத்தார். நிசார் ஆறு ஆட்டங்களில் 25 விக்கெட்டுகள் எடுத்தார். அந்த ஏழில் இந்தியா ஐந்தில் தோற்றது. இரண்டில் தோல்வியைத் தவிர்த்தது. வெற்றி ஒன்றுகூட இல்லை. வெற்றி பெறாத அணியின் வீரர்களைக் காலம் எளிதில் மறந்துவிடுகிறது. ஆயினும், ஆட்டத்துக்கு நான்கு விக்கெட்டுக்கு மேல் என்ற விகிதத்தில் புதிய பந்தைப் பயன்படுத்திய இத்தகைய இணை இந்தியாவுக்கு மீண்டும் வாய்க்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

இந்திய மண்ணில் முதல் டெஸ்ட் ஆட்டம் 1933 டிசம்பரில் பம்பாய் ஜிம்கானா மைதானத்தில் நடைபெற்றது. லாலா அமர்நாத் இந்தியாவின் முதல் டெஸ்ட் சதத்தை, 118 ரன்களை, அங்குதான் எடுத்தார். அந்தச் சதத்தின் பேரொளியில் மறைந்துபோன மற்றொரு செய்தி, நிசார் 90 ரன்களுக்கு 5 விக்கெட் வீழ்த்தினார் என்பது. அந்த ஆட்டத்தில் அமர்சிங்கின் அண்ணன் ராம்ஜியும் ஆடினார். அதாவது, சுழற்பந்தின் தாயகம் என்று பின்னாளில் பெயர் பெற்ற நாடு, தன் மண்ணில் ஆடிய முதல் டெஸ்ட்டில் மூன்று வேகப்பந்து வீச்சாளர்களுடன் களமிறங்கியது.

தமிழக ரசிகர்களுக்கு அந்தத் தொடரில் கிடைத்தது அமர்சிங் மட்டுமே. 1934 பிப்ரவரியில் சென்னை சேப்பாக்கத்தில் நடந்த முதல் டெஸ்ட்டில் அவர் 86 ரன்களுக்கு 7 விக்கெட் எடுத்தார். நிசார் ஆடாத ஒரே டெஸ்ட் அதுதான்.

பிளவுபட்ட அணியில் தளராத தோள்

1936-இல் இந்திய அணி மீண்டும் இங்கிலாந்து சென்றது. தலைவர் விஜயநகரம் மகாராஜகுமார். ஆட்டத் திறனைவிடச் செல்வாக்கால் அந்தப் பதவியைப் பெற்றவர் என்ற விமர்சனம் அன்றே எழுந்தது. அணி இரு முகாம்களாகப் பிளந்தது. சிறப்பாக ஆடிக்கொண்டிருந்த அமர்நாத், ஒழுங்கு மீறல் என்ற குற்றச்சாட்டின் பேரில் முதல் டெஸ்ட்டுக்கு முன்பே தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்.

இத்தகைய சூழலிலும் லார்ட்ஸ் டெஸ்ட்டின் முதல் இன்னிங்ஸில் இந்தியா முன்னிலை பெற்றது. இந்தியா எடுத்தது 147 ரன்கள் மட்டுமே. அமர்சிங் 35 ரன்களுக்கு 6 விக்கெட்டும், நிசார் 36 ரன்களுக்கு 3 விக்கெட்டும் வீழ்த்த, இங்கிலாந்து 134 ரன்களில் சுருண்டது. ஆனால், இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியா 93 ரன்களுக்கு ஆட்டமிழந்ததால் அந்த உழைப்பு வீணாயிற்று.

தொடரின் கடைசி டெஸ்ட் ஓவல் மைதானத்தில் தொடங்கியது. வாலி ஹாமண்ட் 217 ரன்கள் குவித்தார். வொர்திங்டனுடன் சேர்ந்து நான்காவது விக்கெட்டுக்கு 266 ரன்கள் சேர்த்தார். எந்தப் பந்து வீச்சாளரின் மனமும் சோர்ந்துபோகும் நிலை. ஆனால், நிசார் அந்த இன்னிங்ஸில் 120 ரன்களுக்கு 5 விக்கெட்டுகள் எடுத்துத் திரும்பினார். ஆறே டெஸ்ட்டுகளில் மூன்றாவது முறையாக அவருக்குக் கிடைத்த ஐந்து விக்கெட் அது.

அப்போது அவருக்கு வயது 26. வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் தம் உச்சத்தை எட்டும் வயது. ஆனால், அதன் பின்னர் அவர் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை.

அந்த ஓவல் டெஸ்ட் தொடங்கிய தேதி 1936 ஆகஸ்ட் 15. சரியாகப் பதினோரு ஆண்டுகள் கழித்து அதே தேதியில் அவரது பஞ்சாப் இரண்டாகியிருந்தது.

போரும் பிரிவினையும்

ஓவலுக்குப் பிறகு இந்தியாவுக்கு அடுத்த டெஸ்ட் வாய்க்கப் பத்து ஆண்டுகள் ஆயின. இரண்டாம் உலகப் போர் சர்வதேச ஆட்டங்களை நிறுத்திவிட்டது. இதற்கிடையே 1940 மே மாதம் அமர்சிங் ஜாம்நகரில் காலமானார். வயது 29 மட்டுமே. 1946 ஜூனில் லார்ட்ஸில் இந்தியா மீண்டும் களமிறங்கியபோது, நிசார் முப்பத்தைந்தைக் கடந்திருந்தார். புதிய பந்தைக் கையில் எடுத்தவர்கள் அமர்நாத்தும் விஜய் ஹசாரேவும். இருவரும் சிறந்த மட்டையாளர்கள். மிதவேகத்தில் பந்து வீசக்கூடியவர்கள். வேகம் அணியிலிருந்து விடைபெற்றுவிட்டது.

அதற்கு அடுத்த ஆண்டு நாடு பிரிந்தது. ஹோஷியார்பூர் இந்தியாவுக்கு வந்தது; நிசாரின் எஞ்சிய வாழ்வு பாகிஸ்தானில் அமைந்தது. முதல்தர ஆட்டங்களில் அவர் எடுத்த 396 விக்கெட்டுகளில் மிகப் பெரும்பான்மை பிரிக்கப்படாத இந்தியாவின் மைதானங்களிலும் இந்திய அணியின் சுற்றுப்பயணங்களிலும் எடுக்கப்பட்டவை.

1932 ஜூன் 25 அன்று லார்ட்ஸில் இந்தியாவின் பெயரால் களமிறங்கிய பதினொருவரின் பிற்கால வாழ்க்கையைப் பார்த்தாலே பிரிவினையின் சித்திரம் முழுமையாகக் கிடைக்கும். நிசாரும் ஜஹாங்கிர் கானும் நசீர் அலியும் லாகூரில் மறைந்தனர். நசீர் அலியின் அண்ணன் வசீர் அலி கராச்சியில் மறைந்தார். ஜஹாங்கிரும் அலி சகோதரர்களும் இன்று இந்தியாவில் இருக்கும் ஜலந்தரில் பிறந்தவர்கள். எதிர்த்திசையில், கராச்சியில் பிறந்த நவுமல் ஜவுமல் பிரிவினைக்குப் பிறகும் அங்கேயே வாழ்ந்து, பல ஆண்டுகள் கழித்து மும்பைக்குக் குடிபெயர்ந்தார். மலாயாவிலிருந்து வந்து ஆடிய லால் சிங் கோலாலம்பூருக்கே திரும்பினார். ஒரே சீருடை அணிந்த பதினொருவர், மூன்று நாடுகளின் மண்ணில் கலந்தனர்.

நாயுடு ஏந்திய மட்டை

பிரிவினையால் இந்தியா இழந்தது ஆடி முடித்த நிசாரை மட்டும் அல்ல. ஆடத் தொடங்கியிருந்த ஒருவரையும்தான். 1947-48 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்கான இந்திய அணியில் லாகூரைச் சேர்ந்த இளம் பந்து வீச்சாளர் ஃபஸல் மஹ்மூத் தேர்வு செய்யப்பட்டிருந்தார். சுதந்திரத்தை ஒட்டிய நாள்களில் புணேயில் நடந்த பயிற்சி முகாமில் பங்கேற்றுவிட்டு அவர் பம்பாய்க்கு ரயிலில் திரும்பினார். வழியில் வெறிகொண்ட சிலர் அவரைத் தாக்க முற்பட்டபோது, உடன் பயணம் செய்த சி.கே. நாயுடு மட்டையைக் கையில் எடுத்து அவர்களைத் தடுத்து நிறுத்தியதாக ஃபஸல் பின்னாளில் தமது தன்வரலாற்றில் நன்றியுடன் பதிவு செய்துள்ளார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு லார்ட்ஸில் நிசாரின் கையில் புதிய பந்தைக் கொடுத்த அதே நாயுடு.

லாகூரை அடைந்த ஃபஸல், கலவரச் சூழலில் இந்திய அணியுடன் செல்வதில்லை என்று முடிவெடுத்தார். 1952 அக்டோபரில் லக்னௌவில் இந்தியாவுக்கு எதிராக அவர் 94 ரன்களுக்கு 12 விக்கெட்டுகளை வீழ்த்தி, பாகிஸ்தானின் முதல் டெஸ்ட் வெற்றியைத் தேடித் தந்தார். 1954-இல் ஓவலில் இங்கிலாந்துக்கு எதிராக மீண்டும் 12 விக்கெட். இந்தியாவுக்காக ஆடியிருக்க வேண்டிய கை அது.

அதே காலத்தில் இந்தியா வேறு பாதையில் நடந்தது. 1952 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் கிடைத்த முதல் டெஸ்ட் வெற்றி, வினு மன்கட்டின் சுழற்பந்தால் கிடைத்தது. வெற்றி தந்த வழியே வழக்கமாயிற்று. ஆடுகளங்களும் சுழலுக்கு ஏற்றவாறே அமைக்கப்பட்டன. ரமாகாந்த் தேசாய் போன்ற சிலர் தனித்துப் போராடினர். ஆனால், 1967-இல் பர்மிங்ஹாமில் விக்கெட் கீப்பராக அறியப்பட்ட புதி குந்தேரன் புதிய பந்தை வீசத் தொடங்கும் நிலை வந்தது. பந்தின் பளபளப்பைச் சீக்கிரம் தேய்த்துச் சுழற்பந்து வீச்சாளர்களிடம் ஒப்படைப்பதே தொடக்கப் பந்து வீச்சின் பணி என்றாயிற்று.

இந்த மாற்றத்துக்குப் பிரிவினை மட்டுமே காரணம் என்று கூறுவது மிகை. ஆடுகளமும் பயிற்சி முறையும் தேர்வாளர்களின் மனப்போக்கும் அதில் பங்கு வகித்தன. ஆனால், வேகப்பந்து வீச்சுக்குப் பேர்பெற்ற பஞ்சாபின் மேற்குப் பகுதி முழுவதும் இந்தியாவுக்கு வெளியே போனது ஈடுசெய்ய முடியாத இழப்பு. பிற்காலத்தில் அந்த இழப்பை ஓரளவு ஈடுசெய்த கபில்தேவின் குடும்பமும், மேற்குப் பஞ்சாபிலிருந்து பிரிவினையின்போது இடம்பெயர்ந்து வந்த குடும்பமே. அவர் முதல் டெஸ்ட் ஆடிய பைசலாபாத், பழைய பஞ்சாபின் லயல்பூர்.

பெயர் சூட்டிய கோப்பையும் நின்றது

நிசாரை இரு நாடுகளும் ஒன்றாக நினைவுகூர்ந்த காலமும் ஒன்று உண்டு. 2006-இல் இரு நாட்டுக் கிரிக்கெட் வாரியங்களும் இணைந்து ஆண்டுதோறும் ஓர் ஆட்டம் நடத்த முடிவு செய்தன. இந்தியாவின் ரஞ்சிக் கோப்பை வெற்றியாளரும் பாகிஸ்தானின் காயிதே ஆஸம் கோப்பை வெற்றியாளரும் மோதும் அந்த ஆட்டத்துக்கு 'முகமது நிசார் கோப்பை' என்று பெயர் சூட்டினர். இரு நாடுகளும் தயக்கமின்றி உரிமை கொண்டாடக்கூடிய பெயர் வேறு எது?

முதல் ஆட்டம் 2006 செப்டம்பரில் தர்மசாலாவில் நடந்தது. ஹோஷியார்பூரிலிருந்து ஒரு பகல் பயணத்துக்குள் அடங்கும் ஊர். உத்தரப் பிரதேச அணியை வென்று சியால்கோட் அணி கோப்பையைப் பெற்றது. மறு ஆண்டு மும்பை அணி கராச்சிக்குச் சென்று ஆடியது.

மூன்றாவது ஆட்டம் 2008 செப்டம்பரில் தலைநகரின் ஃபெரோஸ் ஷா கோட்லா மைதானத்தில் நடைபெற்றது. பாகிஸ்தானின் சூயி நார்தர்ன் எரிவாயுக் குழாய் நிறுவன அணியை எதிர்த்து தில்லி ஆடியது. ஆட்டம் டிராவில் முடிய, முதல் இன்னிங்ஸ் முன்னிலையால் கோப்பை விருந்தினருக்குச் சென்றது. தில்லி அணியில் இருந்த 19 வயது இளைஞர் ஒருவர் முதல் இன்னிங்ஸில் 52 ரன்களும் இரண்டாவது இன்னிங்ஸில் 197 ரன்களும் எடுத்தார். அவர் பெயர் விராட் கோலி.

இரண்டு மாதங்கள் கழித்து, 2008 நவம்பர் 26 அன்று மும்பையில் பயங்கரவாதத் தாக்குதல் நிகழ்ந்தது. 2009 தொடக்கத்தில் மேற்கொள்ளப்படவிருந்த இந்திய அணியின் பாகிஸ்தான் பயணம் ரத்து செய்யப்பட்டது. நிசார் கோப்பை ஆட்டமும் அத்துடன் நின்றது. 2012 டிசம்பரிலும் 2013 ஜனவரியிலும் நடந்த குறுகிய ஒருநாள், இருபது ஓவர் தொடர்களுக்குப் பிறகு இரு நாடுகளுக்கிடையே இருதரப்புத் தொடர் எதுவும் நடைபெறவில்லை. கோட்லா மைதானத்தின் பெயரும் 2019-இல் அருண் ஜேட்லி மைதானம் என மாறிவிட்டது.

கோப்பை நின்றதற்கான காரணங்கள் கிரிக்கெட்டைவிடப் பெரியவை. உயிரிழந்தோரின் துயரத்துக்கு முன்னால் ஓர் ஆட்டம் நின்றுபோனதைக் குறையாகச் சொல்ல முடியாது. ஆனால், கோப்பையுடன் சேர்ந்து அந்தப் பெயரும் மறைய வேண்டியதில்லை.

ஏனெனில், இது வேகப்பந்து வீச்சு இந்தியாவுக்குத் திரும்பியுள்ள காலம். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவை வீழ்த்திய ஆட்டத்தில், ஹைதராபாதின் முகமது சிராஜ் ஓர் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தார். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜன் அந்த ஆட்டத்தில்தான் டெஸ்ட் அரங்கில் நுழைந்தார். ஜஸ்பிரீத் பும்ரா பந்தை எடுத்தால் எந்த நாட்டு மட்டையாளரும் நிதானிக்கிறார். இவர்களின் வரிசை எங்கிருந்து தொடங்குகிறது என்பதை இளைய ரசிகர்கள் அறிந்திருக்க வேண்டும்.

பாகிஸ்தானின் டெஸ்ட் வரலாறு 1952-இல் தொடங்குவதால், அந்நாட்டின் சாதனைப் பட்டியல்களில் நிசாருக்கு இடமில்லை. இந்தியாவின் பட்டியல்களில் அவருக்கு இடம் உண்டு, பேச்சில்தான் இல்லை. அவரைத் தேட நீண்ட தூரம் செல்ல வேண்டியதில்லை. இந்தியா ஆடிய முதல் டெஸ்ட்டின் ஸ்கோர் அட்டையை எடுத்துப் பார்த்தால் போதும். அதன் முதல் வரி: சட்கிளிஃப், பௌல்டு நிசார், 3. இரண்டாவது வரி: ஹோம்ஸ், பௌல்டு நிசார், 6.